பள்ளியை மூடுவதா, திறப்பதா? பெருந்தொற்றுக் கால விவாதத்துக்கு ஓர் அறிமுகம்

2020 நவம்பர் 9 அன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒரு கருத்துக் கேட்பு நடந்தது. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களின் பெற்றோரை அழைத்து, அந்த மாதம் 16ஆம் தேதி பள்ளிகளைத் திறக்கலாமா என்று கேட்டார்கள். திறந்தால் போதும் என்றவர்கள் உண்டு. பொங்கல் கழியட்டும் என்றவர்களும் உண்டு. சில நாட்களிலேயே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மட்டும் 2021 ஜனவரி 19 அன்று பள்ளி திறந்தது.

அந்தப் பெற்றோரின் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். பிள்ளைக்குத் தொற்று வந்தால் என்ன ஆகும், வீட்டில் இருக்கும் பாட்டிக்கு அது தொற்றினால் என்ன ஆகும், ஊரில் இப்போது எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது, வகுப்பறையில் எத்தனை பேர் உட்காரப்போகிறார்கள், அந்த அறையின் ஜன்னல் திறக்குமா? இவை எதுவும் தெரியாமல் ‘திறக்கலாம்’ அல்லது ‘வேண்டாம்’ என்று ஒரு சொல்லில் பதில் எழுதுவது எப்படி? கல்லூரி மேடையிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இந்தப் பொருள் வரும்போது இதே நெருக்கடிதான். ஓர் அணி உயிர் முக்கியம் என்கிறது, மற்றோர் அணி கல்வி முக்கியம் என்கிறது. இரண்டும் முக்கியம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை என்பதால் விவாதம் அங்கேயே நின்றுவிடுகிறது.

எந்த நோய், எந்த வயதுப் பிள்ளைகள், எவ்வளவு காலம், எந்த வகுப்பை முதலில் திறப்பது என்று பிரித்துக் கேட்டால்தான் இந்த விவாதத்தில் நகர முடியும். இந்த நான்கில் கடைசிக் கேள்வியில்தான் நாம் மிகவும் தவறினோம் என்பது என் கருத்து.

மூடுவதால் என்ன நடக்கிறது?

பள்ளியை மூடுவது அந்தப் பிள்ளைகளை மட்டும் காப்பதற்காக அல்ல. ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், வேறு எந்த வகையிலும் சந்தித்துக்கொள்ளாத நாற்பது வீடுகள் அந்த ஓர் அறையில் தினமும் சந்திக்கின்றன. பள்ளி வேன், பகிர்ந்துகொள்ளும் ஆட்டோ, சத்துணவுக் கூடம், மாலையில் வாசலில் காத்திருக்கும் பெரியவர்கள் என்று அந்தச் சந்திப்பு விரிகிறது. காற்றில் பரவும் நோய்க்கு இதைவிட வசதியான பாதை ஊரில் அதிகம் இல்லை. பள்ளியை மூடும்போது இந்தப் பாதை அடைபடுகிறது. நோயாளிகள் ஒரே வாரத்தில் மருத்துவமனை வாசலில் குவியாமல், பல வாரங்களில் பிரிந்து வருகிறார்கள். படுக்கையும் ஆக்சிஜனும் போதுமானதாக இருக்கும். தடுப்பூசி இல்லாத காலத்தில் இப்படிக் கிடைக்கும் அவகாசத்துக்குப் பெரும் மதிப்பு உண்டு.

மூடுவதிலும் இரண்டு வகை உண்டு. பள்ளிக்குள் நோய் வருவதற்கு முன்பே ஊர் முழுக்க மூடுவது ஒன்று. ஒரு பள்ளியில் நோய் கண்டபின் அந்தப் பள்ளியை மட்டும் அல்லது அந்த வகுப்பை மட்டும் சில நாட்கள் மூடுவது மற்றொன்று. பரவலைத் தடுக்க முதல் வகையே அதிகம் உதவும். இழப்பும் அதில்தான் அதிகம்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. பள்ளியை மூடினால் பிள்ளைகள் யாரையும் பார்க்காமல் இருந்துவிடுவதில்லை. தெருவில் விளையாடுகிறார்கள், கடைக்குப் போகிறார்கள், அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகும் வீட்டில் தாத்தா பாட்டியின் பொறுப்பில் விடப்படுகிறார்கள். கொரோனா போன்ற நோயில் அந்தத் தாத்தா பாட்டிதான் மிகவும் ஆபத்தில் இருப்பவர்கள். செவிலியராக இருக்கும் ஒரு தாய், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் விடுப்பு எடுத்தால், நோயாளிகள் பெருகும் நேரத்தில் மருத்துவமனையில் ஒரு கை குறைகிறது. ஆகவே மற்ற இடங்களெல்லாம் திறந்திருக்க, பள்ளியை மட்டும் மூடுவதால் கிடைக்கும் பயன் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

நியூயார்க் திறந்தது, செயின்ட் லூயிஸ் மூடியது

இது புதிய விவாதம் அல்ல. 1918 இன்ஃப்ளூயன்சா பெருந்தொற்றின்போது அமெரிக்காவின் பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளை மூடின. நியூயார்க்கும் சிகாகோவும் மூடவில்லை. நியூயார்க்கின் சுகாதார ஆணையர் ராயல் கோப்லண்ட் கடும் எதிர்ப்புக்கு நடுவே பள்ளிகளைத் திறந்தே வைத்திருந்தார். அவருடைய முடிவுக்குப் பின்னால் இருந்தவர் ஜோசஃபின் பேக்கர் என்ற பெண் மருத்துவர். குழந்தை நலனுக்கென்றே அந்த நகரம் 1908இல் தொடங்கிய பிரிவின் தலைவர் அவர். அந்நகரத்தின் பத்து லட்சம் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் காற்றும் வெளிச்சமும் இல்லாத நெரிசலான அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். அந்த அறைகளைவிடப் பெரிய ஜன்னல்கள் கொண்ட பள்ளி மேல் என்பது அவர்களுடைய வாதம். காலையில் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள், அறிகுறி இருந்தால் வீட்டுக்கு அனுப்பினார்கள், செவிலியர்கள் வீடு தேடிப் போனார்கள்.

இதை மட்டும் எடுத்துக்கொண்டு ‘பார்த்தீர்களா, திறந்தே வைத்திருக்கலாம்’ என்று பேசும் பேச்சாளர்களைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் செயின்ட் லூயிஸைச் சொல்வதில்லை. அங்கே சுகாதார ஆணையர் மேக்ஸ் ஸ்டார்க்லாஃப் அக்டோபர் தொடக்கத்திலேயே பள்ளி, திரையரங்கு, தேவாலயம் எல்லாவற்றையும் மூடினார். பிலடெல்பியாவோ செப்டம்பர் 28 அன்று போர்க்கடன் பத்திரங்களுக்காகப் பெருங்கூட்டம் கூடிய ஊர்வலத்தை நடத்திவிட்டு, நோய் ஊரெங்கும் பரவிய பிறகு பள்ளிகளை மூடியது. மூடிய செயின்ட் லூயிஸும் திறந்த நியூயார்க்கும் பிலடெல்பியாவைவிடக் குறைந்த இழப்போடு தப்பின. மூடியிருந்தும் பிலடெல்பியா தப்பவில்லை.

43 அமெரிக்க நகரங்களின் 1918 பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. சீக்கிரமே தொடங்கி, பல நடவடிக்கைகளைச் சேர்த்து, நீண்ட நாள் கடைப்பிடித்த நகரங்களில் சாவு குறைந்திருந்தது என்பது அதன் முடிவு. பள்ளி மூடல் அந்தப் பல நடவடிக்கைகளில் ஒன்று. தனியாக அதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்தெடுப்பது மிகக் கடினம். நியூயார்க்கிலும் பள்ளி திறந்திருந்ததே தவிர, நோயாளிகளைத் தனிமைப்படுத்துவதும் கடை, அலுவலக நேரங்களை மாற்றி நெரிசலைக் குறைப்பதும் கண்டிப்பாக நடந்தன.

நோய்க்கு நோய் வயது மாறும்

இன்ஃப்ளூயன்சாவைப் பரப்புவதில் பிள்ளைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் 2020க்கு முன்பு எழுதப்பட்ட பெருந்தொற்றுத் திட்டங்களில் பள்ளி மூடலுக்கு முக்கிய இடம் இருந்தது. கொரோனா வந்தபோது அந்தத் திட்டத்தைத்தான் உலகம் எடுத்துப் பிரித்தது. 2020 ஏப்ரலில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் பள்ளிக்கு வெளியே இருந்ததாக யுனெஸ்கோ கணக்கிட்டது. புது நோய், அதன் குணம் யாருக்கும் தெரியாது, சாவு எண்ணிக்கை ஏறுகிறது. 2020 மார்ச் மாதத்தில் பள்ளிகளை மூடியதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். அன்று முடிவெடுக்கும் இடத்தில் இருந்திருந்தால் நானும் மூடியிருப்பேன்.

ஆனால் சில மாதங்களில் புதிய செய்திகள் வந்தன. ஸ்வீடன் பதினாறு வயதுக்கு உட்பட்டோரின் பள்ளிகளை மூடவில்லை. அங்கே 2020 மார்ச் முதல் ஜூன் வரை, ஒன்று முதல் பதினாறு வயது வரையிலான ஏறத்தாழ 19.5 லட்சம் பேரில் கொரோனாவால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டவர்கள் 15 பேர். இறந்தவர் எவருமில்லை. திறக்கச் சொல்லும் அணி இந்த எண்ணைக் கட்டாயம் சொல்லும்; சொல்லவும் வேண்டும். எதிரணியிடம் இருக்க வேண்டிய எண்ணும் அதே ஸ்வீடனிலிருந்தே வருகிறது. மேல்நிலைப் பள்ளிகள் இணையவழிக்கு மாறியிருந்தன, கீழ்வகுப்புகள் நேரில் நடந்தன. இரு தரப்பு ஆசிரியர்களையும் ஒப்பிட்டபோது, நேரில் வகுப்பெடுத்தவர்களுக்குத் தொற்று ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லை என்பதும் பள்ளியால் யாருக்கும் ஆபத்து இல்லை என்பதும் ஒன்றல்ல. ஆசிரியர் சங்கங்களின் அச்சத்தைச் சோம்பல் என்று எள்ளி நகையாடியவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை.

எப்படித் திறக்கக்கூடாது என்பதற்கு ஜெருசலேமின் ஓர் உயர்நிலைப் பள்ளி சான்று. 2020 மே நடுவில் பள்ளி திறந்தது. இரண்டே நாளில் கடும் வெப்ப அலை. முகக்கவசம் வேண்டாம் என்று மூன்று நாள் விலக்கு கொடுத்தார்கள், ஜன்னல்களைச் சாத்தி நாள் முழுக்க ஏ.சி. ஓடியது. ஒரு வகுப்பில் 35 முதல் 38 பேர். ஒரு மாணவருக்குக் கிடைத்த இடம் ஒன்றேகால் சதுர மீட்டர் அளவே. மாணவர்கள் 153 பேருக்கும் பணியாளர்கள் 25 பேருக்கும் தொற்று வந்தது. டென்மார்க் ஏப்ரல் 15 அன்றே சிறு பிள்ளைகளின் பள்ளிகளைத் திறந்தது. அங்கே சிறு சிறு குழுக்கள், தள்ளிப்போட்ட மேசைகள், அடிக்கடி கைகழுவல், முடிந்தபோதெல்லாம் திறந்தவெளி வகுப்பு. இரண்டு இடங்களிலும் நடந்ததைப் பள்ளித் திறப்பு என்ற ஒரே பெயரால்தான் சொல்கிறோம்.

மூடியதன் விலை

நெதர்லாந்தில் பள்ளிகள் மூடியிருந்தது எட்டு வாரம்தான். வீட்டுக்கு வீடு அதிவேக இணையம் உள்ள நாடு அது. அப்படியிருந்தும் வீட்டிலிருந்து படித்த காலத்தில் பிள்ளைகள் புதிதாகக் கற்றது மிகச் சொற்பம் என்று பின்னர் நடந்த தேர்வுகளின் ஆய்வு காட்டியது. அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கு இழப்பு மற்றவர்களைவிட 60 விழுக்காடு வரை கூடுதல்.

தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பர் 1 அன்று திறந்தன. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் ஒரு பிள்ளையை நிறுத்திப் பாருங்கள். மார்ச்சில் ஒன்றாம் வகுப்பில் இருந்த சிறுமி, பள்ளிக்குத் திரும்பியபோது மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு என்று ஒன்று அவள் வாழ்க்கையில் வகுப்பறைக்குள் நடக்கவே இல்லை. ஒன்றாம் வகுப்பையும் முழுதாக முடிக்கவில்லை. அவளுடைய தம்பி 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தால், பள்ளியின் வாசலை முதன்முதலாக மிதித்தபோது அவன் இரண்டாம் வகுப்பு மாணவன். மூன்றாம் வகுப்புப் பாடநூல், படிக்கத் தெரிந்த பிள்ளைக்காக எழுதப்பட்டது. ‘க’வுக்கும் ‘கா’வுக்கும் வேறுபாடு காணத் திணறும் பிள்ளையின் கையில் அதைக் கொடுத்துவிட்டு, பாடத்தை முடித்தாகிவிட்டது என்று எந்த ஆசிரியர் சொல்ல முடியும்?

இடைப்பட்ட காலத்தில் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. அது நல்ல முயற்சிதான். ஆனால் தொலைக்காட்சி பிள்ளையைக் கேள்வி கேட்காது, தவறாக எழுதிய எழுத்தின் மேல் கைபிடித்துத் திருத்தாது. செல்போன் வழி வகுப்புக்கோ, வீட்டில் இருக்கும் ஒரே போன் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அவர் இரவு எட்டு மணிக்கு வந்தபின், அக்காவும் தம்பியும் அதற்குப் போட்டி போட வேண்டும், அதிலும் டேட்டா மிச்சம் இருந்தால். 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஏழைக் குடும்பங்களின் ஏறத்தாழ 1,400 பிள்ளைகளிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. கிராமப்புறத்தில் இணையவழியில் ஒழுங்காகப் படித்தவர்கள் 8 விழுக்காடு. படிப்பே இல்லாமல் இருந்தவர்கள் 37 விழுக்காடு.

சத்துணவு நின்றதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அரிசியும் பருப்பும் உலர் உணவுப் பொருளாக வழங்கப்பட்டன. ஆனால் வீட்டுக்குப் போன அரிசி குடும்பத்தின் அரிசி ஆகிவிடும். பள்ளித் தட்டில் விழும் சோறு அந்தப் பிள்ளைக்கு மட்டுமே உரியது, முட்டையும் அப்படியே. படிப்பு நின்ற பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசப்பட்டதும், பையன்கள் பட்டறைக்கும் கட்டட வேலைக்கும் போனதும் நம் ஊர்களில் கண்முன் நடந்தவை. பொதுத்தேர்வு ரத்து, அனைவரும் தேர்ச்சி என்ற அறிவிப்புகள் அந்த நேரத்துக்கு நிம்மதி தந்தன. ஆனால் அவை மதிப்பெண் பட்டியலைச் சரிசெய்தனவே தவிர, கற்காத பாடத்தைக் கற்பிக்கவில்லை.

மூட வேண்டும் என்று வாதிடுபவர்களுக்குக் கைகொடுக்கும் சான்றும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நம் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஓர் ஆய்வு, 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்தவர்களோடு அவர்களை ஒப்பிட்டது. 2021 டிசம்பரில் பெரும் பின்னடைவு தெரிந்தது. கணிதத்தில் அது மொழியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்தப் பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டிருந்தது. மீட்பில் ஏறக்குறைய கால் பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட திட்டம் அது. மாலை நேரத்தில் தெருத் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்த அந்தத் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள். அவர்களுக்கு இந்த மாநிலம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆக, இழந்ததை மீட்க முடியும். ஆனால் திரும்பி வந்த பிள்ளைக்குத்தான் அது பொருந்தும். கழுத்தில் தாலியோடு வேறு ஊருக்குப் போய்விட்ட பதினாறு வயதுப் பெண் எந்த ஆய்வின் மீட்புக் கணக்கிலும் வரமாட்டாள்.

யாரை முதலில் திறப்பது?

2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய நான்காவது தேசிய ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பில், ஆறு முதல் ஒன்பது வயதுள்ள பிள்ளைகளில் 57.2 விழுக்காட்டினரின் உடலில் கொரோனாவுக்கு எதிரான நோய் எதிர்ப்புப் பொருள் இருந்தது. பள்ளிகள் ஓர் ஆண்டுக்கு மேல் மூடிக் கிடந்த காலம் அது. கதவைச் சாத்தியும் தொற்று அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை எட்டிவிட்டது. அந்த ஜூலையில் ஐ.சி.எம்.ஆர். தலைவர் பல்ராம் பார்கவா, ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் தடுப்பூசி போட்டுவிட்டு, தொடக்கப் பள்ளிகளிலிருந்து திறப்பதே புத்திசாலித்தனம் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

நாம் நேர்மாறாகச் செய்தோம். ஆகஸ்ட் 23 அன்று திரையரங்குகள் பாதி இருக்கைகளோடு திறந்தன. செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு. நவம்பர் 1 அன்றுதான் சிறு பிள்ளைகள். பெரிய பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்ததில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. அவர்களுக்குப் பொதுத்தேர்வு இருக்கிறது, முகக்கவசத்தைக் கழற்றாமல் இருக்கச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஆனால் பதினேழு வயது மாணவன் புத்தகத்தை வைத்துத் தானே ஓரளவு படித்துக்கொள்வான். ஆறு வயதுப் பிள்ளையால் அது முடியாது. நோயால் மிகக் குறைந்த ஆபத்து, மூடலால் மிக அதிக இழப்பு, இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருந்தன. அந்தப் பிள்ளையைத்தான் வரிசையின் கடைசியில் நிறுத்தினோம். தேர்வு எழுதும் வகுப்புதான் வகுப்பு என்ற நம் பழக்கம் பெருந்தொற்றுக்கு முன்பே இருந்தது. அந்தக் காலத்தில் அது வெளிச்சத்துக்கு வந்தது.

விவாதத்தில் என்ன கேட்கலாம்?

திறக்கச் சொல்பவர்களிடம் முதலில் ஜன்னலைப் பற்றிக் கேளுங்கள். ஓட்டுக் கட்டடத்தில் இருபுறமும் காற்று வரும் கிராமப் பள்ளியும், நகரத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு ஐம்பது பேரை அடைத்து நடக்கும் பள்ளியும் ஒரே உத்தரவில் திறக்கத் தக்கவையா? நீரிழிவு உள்ள ஐம்பத்தைந்து வயது ஆசிரியருக்கு என்ன ஏற்பாடு? 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜனுக்கு மக்கள் அலைந்தார்களே, அப்போதும் திறந்திருக்கச் சொல்வீர்களா? இதற்கு ‘ஆம்’ என்று சொல்பவரோடு வாதிடுவதில் பயனில்லை. அந்த வாரங்களில் எதையும் திறந்திருக்க முடியாது.

மூடச் சொல்பவர்களிடம் முதலில் தேதியைக் கேளுங்கள். எத்தனை வாரம்? மாவட்டத்தில் தொற்று எந்த அளவுக்கு இறங்கினால் திறப்பீர்கள்? அந்த அளவை மூடும் நாளிலேயே அறிவிப்பீர்களா? உகாண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் முழுமையாகத் திறந்தது 2022 ஜனவரியில்தான். மூடும்போது இரண்டு ஆண்டு என்று அங்கே யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். அடுத்த பதினைந்து நாள், இன்னும் ஒரு மாதம் என்று நீட்டிப்பு உத்தரவுகள் வந்துகொண்டே இருக்கும்போது, காலம் கூடிப்போவது கண்ணில் படுவதில்லை. தமிழ்நாட்டிலும் ஊரடங்கு நீட்டிப்பு அறிவிப்புகளின் கடைசி வரியாகத்தான் பள்ளிகள் பெரும்பாலும் வந்துகொண்டிருந்தன.

இரு தரப்பிடமும் கேட்க ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. முழுக்க மூடுவதற்கும் முழுக்கத் திறப்பதற்கும் நடுவில் எத்தனையோ வழிகள் உண்டு. பாதிப் பேர் இன்று, மீதிப் பேர் நாளை என்ற சுழற்சி முறை. கீழ்வகுப்புகள் மட்டும் காலையில் மூன்று மணி நேரம். மரத்தடியில் வகுப்பு, மழைக்காலம் தவிர. வீட்டில் போன் இல்லாத பிள்ளைகளை மட்டும் சிறு குழுவாக அழைப்பது. பள்ளி மூடியிருந்தாலும் சத்துணவுக் கூடம் மட்டும் திறந்திருப்பது. இவற்றுள் எதை, எந்தக் கட்டடத்தில், எத்தனை ஆசிரியர்களைக் கொண்டு செய்வோம் என்று ஒவ்வொரு தலைமையாசிரியரும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் உட்கார்ந்து முன்கூட்டியே எழுதிவைக்க முடியும். அதற்கு நோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை ஜன்னல்கள், எந்தெந்த வீட்டில் போன் இல்லை, எந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைப்பதுதான் அன்றைய முதல் சாப்பாடு என்ற பட்டியலை இந்தக் கல்வியாண்டிலேயே தயாரிக்கலாம்.